சுழலும் பாகம் இல்லாமல் 1.35 வாட்

கிடைத்தது 1.35 வாட். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு முழுக்க இலவச மின்சாரம் என்று நினைத்து வந்தவர்கள் இங்கேயே திரும்பிக்கொள்ளலாம். இரண்டு ரீசார்ஜ் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றவும் ஒரு எல்இடியை நன்றாக எரிய வைக்கவும் இது போதும். டைனமோ கிடையாது, விசிறி கிடையாது, அசைகிற பொருளே கிடையாது. கீழே நெருப்பு, மேலே தண்ணீர், நடுவில் வெப்பத்தை நேராக மின்சாரமாக்கும், சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு சதுரச் சில்லுகள். அவ்வளவுதான் கருவி.

நிலக்கரி, அணு, நீர், காற்று என்று எதை எடுத்தாலும் பெரிய நிலையங்களில் கடைசியில் ஒரு டர்பைன் சுற்றியாக வேண்டும். அது இல்லாமல் மேசையில் வைத்துச் செய்யக்கூடியது என்ன இருக்கிறது என்று தேடினால் நான்கைந்து வழிகள் வரும். சூரியத் தகடு எல்லோருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடலாம்.

முதலில் கையில் எடுத்தது பீசோ தகடு, அழுத்தினால் மின்சாரம் தருவது. பஸ்ஸருக்குள் இருக்குமே, வெள்ளைப் பூச்சுள்ள பித்தளை வட்டம், அதுதான். விரல் நகத்தால் தட்டினால் அலைகாட்டியில் (மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவி) பத்து, இருபது வோல்ட்டுக்குக் கூர்முனை எழும்பும். பார்க்கிறவருக்கு ஆசை வந்துவிடும். ஆனால் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு நான்கின் வழியாக, அதைச் சேர்த்து வைக்கும் ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் சேர்த்து, அது 5 வோல்ட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பது 125 மைக்ரோஜூல். சாதாரணச் சிவப்பு எல்இடி 20 மில்லியாம்பியரில் ஏறக்குறைய 40 மில்லிவாட் எடுக்கும். அந்த 125 மைக்ரோஜூல் அதற்கு 3 மில்லிசெகண்டு தாங்கும், அதற்கு மேல் இல்லை. நடந்தால் மின்சாரம், குதித்தால் மின்சாரம் என்று வரும் தரை ஓடுகளின் மேல் எனக்கு அன்றோடு ஆர்வம் போய்விட்டது.

காற்றில் படபடக்கும் நாடாவில் காந்தம் ஒட்டி, கம்பிச் சுருளுக்கு முன்னால் ஆட விடுவது இன்னொரு வழி. அது வேலை செய்யும், ஆனால் காதைக் குடையும். நாடாவின் இறுக்கமும் கொஞ்ச நேரத்தில் மாறிவிடும். உப்புநீரில் அலுமினியத்தையும் கரியையும் வைப்பது மூன்றாவது. அதில் அலுமினியம் கரைந்து தீர்கிறது. உலோகத்தையே எரிபொருளாகச் செலவழிக்கும் பேட்டரி அது. மிச்சம் இருந்தது வெப்பம். நெருப்பின் சூட்டில் பெரும்பகுதி எப்படியும் வீணாகத்தான் போகிறது, அதில் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாமே என்று இறங்கினேன்.

1821-ல் தாமஸ் சீபெக் இரண்டு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஓர் இணைப்பைச் சூடாக்கியபோது பக்கத்தில் இருந்த திசைகாட்டி முள் அசைந்தது. அவர் அதைக் காந்த விளைவு என்றே நினைத்தார். வளையத்தில் ஓடியது மின்னோட்டம். கேஸ் வாட்டர் ஹீட்டர்களில் சுடரை ஒட்டி ஒரு சிறிய செம்புக் குச்சி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான். சுடர் இருக்கும்வரை அது தரும் சில பத்து மில்லிவோல்ட், கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் அணைந்தால் மின்சாரம் நிற்கும், வால்வு தானாக மூடிக்கொள்ளும்.

உலோக ஜோடிக்குப் பதில் பிஸ்மத் டெல்லுரைடு என்ற குறைகடத்தியை வைத்தால் டிகிரிக்குக் கிடைக்கும் வோல்ட் பல மடங்கு கூடும். குட்டிக் குளிர்பெட்டிகளில் வரும் பெல்டியர் மாட்யூல் அப்படிப்பட்டதுதான். மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். திருப்பி, இரு பக்கத்துக்கும் வெப்ப வித்தியாசம் கொடுத்தால் மின்சாரம் வரும். நான் எடுத்தது எங்கும் கிடைக்கிற டிஇசி1-12706, நீள அகலம் 40 மில்லிமீட்டர். அந்த எண்ணில் 127 என்பது உள்ளே இருக்கும் ஜோடிகள், 06 என்பது ஆம்பியர். ஜோடிக்கு இரண்டு என்று 254 துண்டுகள் தொடராக நிற்கின்றன. ஒவ்வொன்றும் டிகிரிக்குச் சுமார் 200 மைக்ரோவோல்ட் தருவதால் முழு மாட்யூலுக்கு டிகிரிக்கு 0.05 வோல்ட். 60 டிகிரி வித்தியாசம் கிடைத்தால் 3 வோல்ட்.

இதற்கென்றே செய்த ஜெனரேட்டர் வகை மாட்யூல்களும் உண்டு, அவை அதிகச் சூடு தாங்கும். குளிரூட்டும் வகையில் ஒரு வரம்பு இருக்கிறது. உள்ளே துண்டுகளைப் பிடித்திருக்கும் சால்டர் பெரும்பாலும் பிஸ்மத்-தகரக் கலவை. அது 138 டிகிரியில் உருகும். அதனால் சூட்டுப் பக்கம் 120-ஐத் தாண்டக்கூடாது என்று எனக்கு நானே கோடு போட்டுக்கொண்டேன்.

இனிதான் விஷயம். இந்த மாட்யூலைக் கையில் எடுக்கிற எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, இன்னும் சூடாக்கினால் இன்னும் மின்சாரம் வரும் என்பது. சூடாக்குவது சுலபம், நெருப்பிடம் கேட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கும். தலைவலியெல்லாம் மறுபக்கத்தைக் குளிராக வைத்திருப்பதில்தான். ரெசிஸ்டர் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது எளிது. மாட்யூலின் வெப்பத் தடை, அதாவது ஒரு வாட் வெப்பம் கடந்து போகத் தேவைப்படும் வெப்ப வித்தியாசம், வாட்டுக்குச் சுமார் 1.8 டிகிரி. மேலே பழைய கம்ப்யூட்டர் புராசசரின் ஹீட்சிங்கை (சூட்டைக் காற்றில் விடும் இறக்கைகள் கொண்ட உலோகக் கட்டி) விசிறி இல்லாமல் வைத்தால் அதன் தடை வாட்டுக்கு 3 டிகிரி அளவில் இருக்கும். கீழே 120, அறை 30 என்றால் மொத்த வித்தியாசம் 90. அது இரண்டுக்கும் தடையின் விகிதத்தில் பிரியும். மாட்யூலுக்கு 34 டிகிரி மட்டும், மீதி 56 ஹீட்சிங்கிலேயே தொலைந்துபோகும். அதே இடத்தில் தண்ணீர்த் தொட்டியை வைத்தால் தடை 0.2 அளவுக்கு இறங்கும், மாட்யூலுக்கு 80 டிகிரி வந்துவிடும். திறன் வெப்ப வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இது ஐந்து மடங்குக்கும் மேலான வேறுபாடு. நெருப்பைக் கொஞ்சம்கூடக் கூட்டாமல்!

ஹீட்சிங்கில் விசிறியைச் சுழல விட்டால் என்ன என்று கேட்கலாம். அந்த விசிறியே ஒன்றிரண்டு வாட் தின்றுவிடும். அதோடு, சுழலும் பாகம் வேண்டாம் என்றுதானே ஆரம்பித்தோம்.

1950-களில் சோவியத் ஒன்றியத்தில் மண்ணெண்ணெய் விளக்கின் மேல் மாட்டி ரேடியோ கேட்க ஒரு வெப்ப மின்னாக்கி விற்றார்கள். அதன் படத்தைப் பார்த்தால் விளக்கைவிட அதைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் உலோக இறக்கைகள்தான் கண்ணில் படும். 1977-ல் கிளம்பிய இரண்டு வாயேஜர் விண்கலங்களும் இந்தத் தத்துவத்தில்தான் ஓடுகின்றன. வெப்பம் புளூட்டோனியம்-238-லிருந்து வருகிறது, அதன் அரை ஆயுள் 87.7 ஆண்டுகள். செவ்வாயில் ஊரும் கியூரியாசிட்டி ஊர்தியில் இருக்கும் இதே வகை மின்னாக்கி ஏறக்குறைய 2000 வாட் வெப்பத்திலிருந்து தொடக்கத்தில் 110 வாட் மின்சாரம் தந்தது. அதாவது ஐந்தரை சதவீதம். அதிலும் வெளியே தெரிவது குளிர்விக்கும் இறக்கைகள்தான். நாசாவுக்கே அவ்வளவுதான் என்றால் நம் மேசைக்கு என்ன கிடைக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடுகிறது.

சரி, செய்ததைச் சொல்கிறேன்.

160-க்கு 100 மில்லிமீட்டர் அளவில், 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு இரண்டு. இரண்டு மாட்யூல்களும் பக்கத்தில் பக்கத்தில், இவற்றுக்கு நடுவே. மின்சாரத்துக்கு அவை தொடர், வெப்பத்துக்கு அவை இணை. மேல் தகட்டையே தொட்டியின் அடித்தளமாக வைத்துக்கொண்டேன். ஒரு சதுரத் தகர டப்பாவின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, அதைச் சூடு தாங்கும் சிலிக்கோன் சீலன்ட்டால் தகட்டின் மேல் ஒட்டியாயிற்று. பாத்திரத்தைத் தூக்கித் தகட்டின் மேல் வைப்பதைவிட இது நல்லது. தண்ணீர் நேராகத் தகட்டைத் தொடுகிறது, நடுவில் காற்றிடைவெளி இல்லை. கீழ்த் தகட்டின் அடியில், மேலே வேண்டாம் என்று தள்ளிய அந்தப் புராசசர் ஹீட்சிங்கை இறக்கைகள் நெருப்பைப் பார்க்கும்படி தலைகீழாகத் திருகினேன். சுடர் எவ்வளவு சூடாக இருந்தாலும் காற்றிலிருந்து உலோகத்துக்கு வெப்பம் லேசில் ஏறாது, பரப்பு வேண்டும்.

தகடுகளைச் சமமாக்குவதில்தான் அதிக நேரம் போனது. வெட்டி வாங்கிய தகடு பார்வைக்குச் சமமாகத்தான் இருக்கும். தடித்த கண்ணாடியின் மேல் உப்புத்தாளை ஒட்டி, தகட்டின் முகத்தில் மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, அதில் வைத்துத் தேயுங்கள். ஓரத்தில் கோடு அழியும், நடுவில் அப்படியே நிற்கும். அங்கேதான் பள்ளம். எல்லாக் கோடும் ஒன்றுபோல் மறையும்வரை 220-லிருந்து 600 வரை தாளை மாற்றித் தேய்க்க வேண்டும். மாட்யூல் இரண்டும் ஒரே உயரமா என்பதையும் வெர்னியரில் பார்க்க வேண்டும். ஒன்று பத்தில் ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும் அழுத்தமெல்லாம் மற்றதன் மேல் போய்விடும். கிடைத்த நான்கில் நெருக்கமாக வந்த இரண்டை எடுத்தேன்.

தகட்டுக்கும் மாட்யூலுக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் மெல்லியதாக, அடியில் இருப்பது மங்கலாகத் தெரியும் அளவுக்குத்தான். தாராளமாகப் பூசினால் அதுவே தடை. அழுத்தம் மட்டும் தாராளமாக வேண்டும்: சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அளவில் என்றால் 16 சதுர சென்டிமீட்டர் மாட்யூலுக்கு 160 கிலோ. பீங்கான் முகம் என்பதால் சீராக அழுத்தினால் தாங்கும், ஒரு மூலையில் அழுத்தினால் கீறல் விடும். ஆகவே போல்ட்டுகளை எதிரெதிராகக் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்கினேன். போல்ட் துருப்பிடிக்காத எஃகு. துருவுக்குப் பயந்து இல்லை. அலுமினியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் குறைவாக அது வெப்பம் கடத்தும். போல்ட் வழியாகக் கீழிருந்து மேலே போகும் வெப்பம் மாட்யூலை ஏமாற்றிவிட்டுப் போகும் வெப்பம். தலைக்கு அடியில் ஃபைபர் வாஷர், அதன் மேல் ஸ்பிரிங் வாஷர். சூட்டில் தகடு விரியும்போது ஸ்பிரிங் வாஷர் விட்டுக்கொடுக்கும். மாட்யூல்களைச் சுற்றியுள்ள 4 மில்லிமீட்டர் இடைவெளியில் கண்ணாடி இழையை அடைத்தேன். மாட்யூலின் ஒயர்களுக்குச் சிலிக்கோன் உறை. அவற்றின் மேல் வரும் சாதாரண உறை நெருப்புக்குப் பக்கத்தில் நிற்காது.

மாட்யூல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். டேட்டாஷீட்டில் 2 ஓம் என்றிருக்கும். மீட்டர் 5 காட்டும், முனைகளை மாற்றிப் பிடித்தால் மைனஸில் போகும். கையில் பிடித்த சூட்டுக்கே மாட்யூல் சில மில்லிவோல்ட் தயாரிக்கிறது, மீட்டர் அதைத் தடை என்று நம்பிக்கொள்கிறது. மேசையில் வைத்துத் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டு, இரு முனை மாற்றியும் பார்த்துச் சராசரி எடுத்தால் சரியாக வரும்.

கீழ்த் தகட்டின் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் துளை போட்டு அதற்குள் மல்டிமீட்டரின் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் ஒயர்) நுனியைச் செருகினேன், மேல் தகட்டிலும் அப்படியே. துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியை நம்ப வேண்டாம். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும்.

தொட்டியில் ஒன்றரை லிட்டர் தண்ணீர். கீழே ஸ்பிரிட் அடுப்பு, திறந்த வெளியில். கீழ்த் தகடு 118, மேல் தகடு 46, தண்ணீர் 38 என்று நின்றபோது திறந்த மின்னழுத்தம், அதாவது முனைகளில் எதையும் மாட்டாதபோது வருவது, 6.1 வோல்ட். தகடுகளுக்கு நடுவே 72 டிகிரி இருந்தும், மாட்யூலின் உள்துண்டுகளுக்கு 60 அளவில்தான் போய்ச் சேர்கிறது. மீதியைப் பேஸ்ட்டும் பீங்கானும் எடுத்துக்கொள்கின்றன.

அப்புறம் 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை மாட்டினேன். உடனே 2.9 வோல்ட். உள்தடை 5.5 ஓம் என்று இதிலிருந்து கிடைக்கிறது. குளிர்ந்த நிலையில் இரண்டுக்கும் சேர்த்து 4 என்றிருப்பது சூட்டில் ஏறுகிறது. 2.9 வோல்ட் என்றால் 1.68 வாட். ஆனால் அந்த எண் நிற்காது, மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள்: 2.85, 2.8, 2.7 என்று மெதுவாக இறங்கி 2.6-ல் வந்து உட்காரும். ரெசிஸ்டரைக் கழற்றினால் 6.1-க்குத் தாவாமல் 5.5-ல் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். ஓடும் மின்னோட்டமே சூட்டுப் பக்கத்திலிருந்து வெப்பத்தை அள்ளிக் குளிர்ப்பக்கத்தில் கொட்டுகிறது. பெல்டியர் 1834-ல் கண்டது இதுதான், இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. மாட்டிய உடன் வரும் எண்ணைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் நிறைய. நிலைத்தபின் வரும் 2.6 வோல்ட், 1.35 வாட், அதுதான் கணக்கு.

எவ்வளவு வெப்பம் போகிறது என்பதைத் தண்ணீரே சொல்லிவிடும். பத்து நிமிடத்தில் தண்ணீர் 8 டிகிரி ஏறியது. ஒன்றரை லிட்டருக்கு அது 50 கிலோஜூல், அதாவது 84 வாட். அதில் 1.35 வாட் என்பது 1.6 சதவீதம். இந்த வெப்பநிலைகளுக்கு நடுவே எந்த இயந்திரமும் தாண்ட முடியாத கார்னோ வரம்பே 18 சதவீதம்தான். மின்சாரத்துக்காக மட்டும் நெருப்பு மூட்டினால் இது நஷ்டம். வெந்நீர் எப்படியும் போடப்போகிறோம் என்றால் அந்த 84 வாட் வீணில்லை.

தண்ணீர் சூடாக ஆக மின்சாரம் இறங்கும். கீழ்த் தகடு அதே 118-ல் நிற்க, தண்ணீர் 58-க்கு வந்தால் தகடுகளின் வித்தியாசம் 52 ஆகிவிடும், திறன் பாதியாகும். அப்போது தண்ணீரை மாற்ற வேண்டும். தொட்டி வற்றவே கூடாது. வற்றினால் மாட்யூல் 138-ஐத் தொடுவதற்கு அதிக நேரம் ஆகாது.

இந்த மின்சாரத்தைப் போனுக்குக் கொடுக்கலாம் என்று 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் சிறிய யுஎஸ்பி போர்டை மாட்டிப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது போர்டில் விளக்கு எரியும். போனைச் செருகியதும் அரை ஆம்பியர் கேட்கும். 5 வோல்ட்டில் அது 2.5 வாட், நம்மிடம் அவ்வளவு இல்லை. உள்ளே வரும் வோல்ட் குறையக் குறைய, போர்டு அதை ஈடுகட்ட இன்னும் அதிக மின்னோட்டம் இழுக்கும். வோல்ட் இன்னும் விழும், ஒரேயடியாகச் சரியும், மறுபடி எழும். போன் 'சார்ஜ் ஆகிறது', 'இல்லை' என்று மாறி மாறிக் கூவும். இழுக்கும் அளவைத் தானே கட்டுப்படுத்தும் போர்டுகள் உண்டு, ஆனால் என் தேவைக்கு அது வேண்டியிருக்கவில்லை.

இரண்டு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளைத் தொடராக வைத்தால் சார்ஜ் ஆகும்போது 2.75 வோல்ட் அளவில் நிற்கும். நடுவில் ஒரு ஷாட்கி டயோடு (குறைந்த வோல்ட் மட்டும் எடுத்துக்கொள்ளும் வகை), அதற்கு 0.35. மொத்தம் 3.1 வோல்ட். மாட்யூல்களின் திறந்த மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதி! அதிகபட்சத் திறன் கிடைப்பது அந்தப் பாதியில்தான். எந்தச் சர்க்யூட்டும் இல்லாமல் பேட்டரியே மாட்யூலைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கிறது. தண்ணீர் ஆறியிருக்கும்போது 0.43 ஆம்பியர் ஓடியது. 2000 மில்லியாம்பியர்-மணி பேட்டரிக்கு இது மிதமான வேகம், நேரம் பார்த்துக் கழற்றினால் போதும். தண்ணீர் 58-க்கு வந்ததும் 0.15-க்கு இறங்கிவிட்டது. ரெசிஸ்டரில் திறன் பாதியானது. பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்குகிறது, ஏனென்றால் 3.1 வோல்ட்டைத் தாண்டியது மட்டும்தான் உள்ளே போகும்.

அந்த டயோடை மிச்சம் பிடிக்கக் கூடாது. நெருப்பு அணைந்தபின் அது இல்லையென்றால் பேட்டரி திரும்ப மாட்யூலுக்குள் வடியும். நாள் முழுக்கச் சேர்த்த மின்சாரத்தைச் செலவழித்து, மாட்யூல் தண்ணீரைக் குளிரவைத்து, கீழே இருக்கும் ஹீட்சிங்கைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

அடுத்து மாற்றப்போவது தொட்டியைத்தான். பக்கத்தில் கொஞ்சம் உயரமாக ஒரு பெரிய வாளியை வைத்து, அதன் அடியிலிருந்து ஒரு குழாய், மேலிருந்து ஒரு குழாய் என்று தொட்டியோடு இணைத்தால் சூடான தண்ணீர் தானே மேலேறிப் போகும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கி வரும். பம்ப் வேண்டாம். தொட்டிக்கு மூடி போட்டு அடைக்க வேண்டும், குழாய் எங்கும் மேடு கட்டாமல் ஒரே சரிவாக ஏற வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டு ஓட்டம் நின்றுவிடும். இருபது லிட்டர் தண்ணீரை 84 வாட் ஒரு டிகிரி ஏற்ற கால் மணி நேரத்துக்கும் மேல் ஆகும் என்பதால், 0.4 ஆம்பியர் மணிக்கணக்கில் அதிகம் இறங்காமல் நிற்க வேண்டும்.